காதில் வைத்துக் குலுக்கிய பெட்டி

எங்கள் அண்ணி ஒரு முடிச்சுப் போட்டால் அதை யாராலும் அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். இதை நான் புகழ்ந்து சொல்லவில்லை, பொருமலோடு சொல்கிறேன். அவர் மூடிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியாமல் என் அண்ணன் ஒரு நாள் பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துப் போக, அங்கே இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகித் திறந்து கொடுத்தார்கள். வேலை செய்யும் இடத்தில் அண்ணிக்கு 'இறுக்கி' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, என்னைத் தவிர.

நான் அவருடைய நாத்தனார். வீட்டில் மாடியில் நான், கீழே அவரும் அண்ணனும். வேலையிலும் ஒரே மேசை, எதிரெதிர் ஸ்டூல். பத்தொன்பது வருஷமாக ஒரே முகத்தை வீட்டிலும் பார்த்து, வேலையிலும் பார்த்தால் மனுஷிக்கு வாய் நீளாமல் என்ன செய்யும்? எனக்கு நீண்டது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

எங்கள் தொழிற்சாலையில் ஆய்வுக்கூடங்களுக்கான கண்ணாடிக் குடுவை செய்கிறார்கள். தட்டையான அடி, பெருத்த வயிறு, நீண்ட கழுத்து. ஒவ்வொன்றும் இரண்டு கிலோ எடை. அதை அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டுவது நாங்கள் ஒன்பது பெண்கள். பெட்டியின் அடியில் ஆறு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கசக்கிய காகிதம், அதன்மேல் குடுவை, சுற்றிலும் காகிதம், மேலேயும் காகிதம், பிறகு டேப். காகிதம் என்றால் எடைக்கு வாங்கிய பழைய புத்தகங்கள். கட்டியவருடைய எண் எழுதிய சீட்டு ஒன்றை உள்ளே போட வேண்டும். அண்ணி நாலு, நான் ஐந்து.

டேப் ஒட்டியதும் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைத் தூக்கி, காதருகே வைத்து ஒரு குலுக்கு. உள்ளே சின்னச் சத்தம் கேட்டாலும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. ஆனால் சம்பள நாளை மறந்தாலும் இதை மறக்க மாட்டோம். அண்ணியின் பெட்டியைக் குலுக்கினால் கப்சிப். முஷ்டியால் குத்திக் குத்திக் காகிதத்தை அடைத்திருப்பார். மேனேஜர் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டி வந்து அந்தப் பெட்டியைத்தான் காட்டுவார். "பெட்டின்னா இப்படி இருக்கணும். வாயே திறக்கக் கூடாது" என்பார். அண்ணி தலை குனிந்தபடி அடுத்த பெட்டியைக் கட்டுவார், ஆனால் காது சிவந்திருக்கும்.

அவருக்கு இன்னொரு பழக்கம். கசக்கும் முன்னால் ஒவ்வொரு தாளையும் படித்துவிடுவார். எல்லாம் பாதிக் கதைகள். "அந்த டாக்டர் கடைசியில யாரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு தெரியாமலே போச்சு" என்று சாப்பாட்டு நேரத்தில் பெருமூச்சு விடுவார். மீதிக் கதை ஏதோ ஒரு பெட்டிக்குள் ஊரைவிட்டே போயிருக்கும். ஒரே ஒரு தாளை மட்டும் கசக்காமல் கைப்பையில் மடித்து வைத்திருந்தார். அது இயற்பியல் பாடப் புத்தகத்தின் தாள். அண்ணி பள்ளி இறுதி வகுப்பில் இயற்பியலில் ஐந்து மார்க்கில் கோட்டைவிட்டவர். அதோடு படிப்பு நின்றது. அந்தத் தாளை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "இதுல ஒரு கணக்கு இருக்கு. விடை அடுத்த பக்கத்துலன்னு போட்டிருக்கு. அடுத்த பக்கம் கிடைச்சா சேர்த்துப் படிக்கலாம்" என்றார். நான் சிரித்தேன். பல வருஷமாக அவரைப் பார்த்துச் சிரிப்பதே எனக்கு ஒரு வேலையாக இருந்தது.

இந்த வருஷம் உடைந்த குடுவைகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒன்றிரண்டு இல்லை, வண்டி வண்டியாக. சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள் பெட்டியைப் பூப்போல வைக்கவா போகிறார்கள்? போடத்தான் செய்வார்கள். மேனேஜர் உடைந்த பெட்டிகளின் சீட்டுகளை எடுத்து எண்வாரியாகச் சுவரில் ஒட்டினார். மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று. எனக்கு ஆறு. நாலாம் எண்ணுக்குக் கீழே சீட்டு ஒட்டச் சுவரில் இடம் போதவில்லை.

அண்ணி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லார் முன்னாலும் கேட்டார். "என் சீட்டை உன் பெட்டியில போடுறியா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் சோம்பேறி, ஒத்துக்கொள்கிறேன். வாயாடி, அதையும் ஒத்துக்கொள்கிறேன். திருட்டுத்தனம் என் பிறப்பிலேயே கிடையாது. "உங்க கை உடைச்சதுக்கு என் தலையை உருட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அதற்குப் பிறகு மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. "உப்புப் போதுமான்னு உன் தங்கச்சியைக் கேளு" என்று கீழேயிருந்து குரல் வரும். "போதும்னு சொல்லு" என்று நான் மாடியிலிருந்து சொல்வேன். நடுவில் என் அண்ணன் மாடிப்படியிலேயே குடியிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வெள்ளிக்கிழமை தன் ஆளை அனுப்புகிறார். அவர் கிடங்கில் இருக்கும் முந்நூறு பெட்டியில் தனக்குப் பிடித்த பத்தை எடுப்பார். மேசை உயரத்திலிருந்து, அதாவது எண்பது சென்டிமீட்டரிலிருந்து, ஒவ்வொன்றாகக் கீழே போடுவார். ஒரு குடுவை உடைந்தாலும் கட்டும் வேலை வெளி நிறுவனத்துக்குப் போய்விடும். "அப்புறம் இந்த அறைக்குப் பூட்டுதான்" என்றார். ஒன்பது பேருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. எங்களில் நாலு பேர் சம்பாத்தியத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அண்ணி உடனே வேலையில் இறங்கினார். என்ன வேலை? இன்னும் இறுக்கினார். முழங்காலை வைத்து அழுத்தி ஒரு பெட்டி கட்டினார். அது பெட்டியே இல்லை, மரக்கட்டை. சாப்பாட்டு நேரத்தில் அதை மேசை மேல் வைத்து, எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்து, விளிம்பிலிருந்து தள்ளினார். பெட்டி தரையில் பட்டு ஒரு சாண் உயரம் குதித்து, மறுபடி விழுந்தது. உள்ளே கலகலவென்று சில்லுச் சத்தம்.

 எனக்கோ மூன்று நாள் கோபம் நெஞ்சுக்குள் நின்றது. நான் அரைத் தூக்கத்தில் கட்டிய ஐந்தாம் எண் பெட்டி ஒன்றை எடுத்துத் தள்ளிவிட்டேன். அது தொப்பென்று விழுந்தது, அப்படியே உட்கார்ந்துகொண்டது. பிரித்தால் குடுவை கீறல்கூட இல்லாமல் இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக எனக்கு வெட்கமாக இருக்கிறது. அண்ணி சிரிப்பைக் கவனிக்கவே இல்லை. என் பெட்டியையே பார்த்துக்கொண்டு, "குதிக்கல" என்றார். "உன்னுது குதிக்கவே இல்ல."

அன்று சாயங்காலம் அண்ணன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்க, அண்ணி அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து அந்த இயற்பியல் தாளை விரித்தார். கணக்கு இதுதான்: கால் கிலோகூட இல்லாத ஒரு பந்து, பூஜ்யம் புள்ளி ஒன்று ஐந்து கிலோ, வினாடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் வருகிறது. ஒருவன் கையைப் பின்னால் இழுத்தபடி அதைப் பிடிக்கிறான், பந்து நிற்கப் பத்தில் ஒரு பங்கு வினாடி ஆகிறது. இன்னொருவன் கையை விறைப்பாக வைத்துப் பிடிக்கிறான், நூறில் ஒரு பங்கு வினாடியில் நிற்கிறது. இருவர் கையிலும் படும் சராசரி விசை என்ன?

நான் மாடிப்படியில் நின்று ஒட்டுக் கேட்டேன். அண்ணி கணக்கை அண்ணனிடம்தான் சொன்னார், ஆனால் சத்தமாகச் சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான் என்று புரிந்தது.

"நிறையையும் வேகத்தையும் பெருக்கினா உந்தம். இங்க மூணு. பந்தை நிறுத்தணும்னா அந்த மூணையும் வாங்கிடணும், ஒரு பைசா குறைக்க முடியாது. அதைத்தான் கணத்தாக்குன்னு போட்டிருக்கான். ரெண்டு பேருக்கும் மூணுதான். ஆனா ஒருத்தன் நிதானமா வாங்குறான், ஒருத்தன் வெடுக்குன்னு வாங்குறான். மூணை நேரத்தால வகுத்துப் பாரு. கையை இழுத்தவனுக்கு முப்பது. விறைச்சவனுக்கு முந்நூறு."

"சரி, அதுக்கென்ன?" என்றார் அண்ணன்.

"அதுக்கென்னவா? நான் விறைச்சவ" என்றார் அண்ணி. பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சீட்டை மாத்துனது நீ இல்ல" என்றார் நிமிராமலே. "நான்தான் உடைச்சேன். கல்லு மாதிரிக் கட்டிக் கட்டி அத்தனையும் நானே உடைச்சிருக்கேன்." நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். 

அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பென்சிலை எடுத்தார். அதுதான் எங்கள் அண்ணி. எண்பது சென்டிமீட்டர் விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு நாலு மீட்டர் என்று அதே தாளின் மேல் பாதியிலிருந்த சூத்திரத்தை வைத்துக் கண்டுபிடித்தார். குடுவை இரண்டு கிலோ. உந்தம் எட்டு. என் பெட்டியாக இருந்தாலும் அவர் பெட்டியாக இருந்தாலும் அந்த எட்டு மாறாது. எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை.

"ஸ்டாப்வாட்ச் வச்சுப் பார்க்கலாமே" என்றேன்.

"உன் விரல் பட்டனை அமுக்குறதுக்குள்ள பெட்டி வீட்டுக்கே போயிடும்" என்றார். பேச்சுவார்த்தை முழுசாகத் திரும்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

நேரத்தை அளக்க முடியாவிட்டால் தூரத்தை அளக்கலாம் என்றார். நாலு மீட்டர் வேகத்தில் வந்து பூஜ்யமாகிறது என்றால் சராசரி வேகம் இரண்டு. குடுவை காகிதத்துக்குள் எவ்வளவு அமுங்கியது என்று தெரிந்தால் இரண்டால் வகுத்து நேரத்தைச் சொல்லிவிடலாம். அதற்கு அவர் கண்டுபிடித்த கருவி பிசைந்த கோதுமை மாவு. விரல் தடிமனுக்கு உருட்டி, பெட்டியின் அடியில் காகிதத்துக்கு நடுவே நாலு தூண் நிறுத்தினார், தலை குடுவையின் அடியைத் தொடும்படி. பெட்டி விழும்போது குடுவை அமுங்கும் அளவுக்கு மாவும் நசுங்கும். குடுவை மேலே எழும்பினாலும் மாவு எழும்பாது. எவ்வளவு நசுங்கியதோ அதுதான் அளவு.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கிடங்கின் பின்பக்கம் சோதனை. குமிழ் விழுந்ததால் ஒதுக்கிய குடுவைகளைக் கண்ணாடிப் பிரிவில் கெஞ்சி வாங்கி வந்தேன். முதலில் அண்ணியின் பெட்டி. குதித்தது, உடைந்தது. மாவு நாலு மில்லிமீட்டர்தான் நசுங்கியிருந்தது. அடுத்தது என் பெட்டி. மாவு அப்பளமாகிவிட்டது, குடுவை அட்டையைத் தொட்டிருந்தது. உடையவில்லை. நான் கட்டிய இன்னொன்றைப் போட்டோம், அது உடைந்தது.

"உன் பெட்டியில காகிதம் பிடிச்சு நிறுத்தவே இல்ல, குடுவை அடியில போய் மோதித்தான் நிக்குது" என்றார் அண்ணி. "நேத்து நீ தப்பிச்சது வெறும் குருட்டு அதிர்ஷ்டம். ரொம்ப ஆடாத."

அப்புறம் அவர் கட்டினார். குத்தாமல், காகிதத்தை லேசாகக் கசக்கி, அடுக்கடுக்காக. ஒன்பதாவது தடவை மாவு சரியாக நாலு சென்டிமீட்டர் நசுங்கியது. பெட்டி தொப்பென்று உட்கார்ந்தது. குடுவை முழுசு. அண்ணி பழைய அட்டை ஒன்றில் கணக்கைப் போட்டு எங்கள் எல்லாருக்கும் காட்டினார். நாலு சென்டிமீட்டரில் நிற்க நூறில் இரண்டு பங்கு வினாடி. எட்டை அதால் வகுத்தால் நானூறு. நாலு மில்லிமீட்டரில் நின்றால் நேரம் பத்தில் ஒன்று, விசை பத்து மடங்கு, நாலாயிரம்.

"நானூறுன்னா நாற்பது கிலோ ஆள் ஒருத்தர் ஏறி நிக்கிற மாதிரி, குடுவை தாங்கிடும்" என்றார். "நாலாயிரம்னா நானூறு கிலோ. இத்தனை நாளா என் பெட்டிக்குள்ள எருமை ஏறி நின்னிருக்கு. அதுவும் இது சராசரிதான், நடுவுல இதைவிடக் கூடவே இருக்கும். குதிச்சா இன்னும் மோசம். வந்த வேகத்தையும் நிறுத்தணும், திருப்பி மேல தூக்கியும் விடணும்."

லேபிள் ஒட்டும் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்போ காதுல வச்சுக் குலுக்குறது?"

"அதுதான் நம்மளைக் கெடுத்தது" என்றார் அண்ணி. "சத்தம் வரக் கூடாதுன்னு பார்த்தோமே ஒழிய, அமுங்குதான்னு யாரும் பார்க்கல. முதல்ல நான் பார்க்கல."

புதன்கிழமை மேனேஜரிடம் போனோம். அவர் புதுப் பெட்டியைக் காதில் வைத்துக் குலுக்கினார். உள்ளே சர் என்று காகிதம் உரசியது. பாம்பைத் தொட்டதுபோலப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னம்மா இது, நீயா கட்டின? சத்தம் வருதே."

"சார், காதுக்கு நல்லா இருக்கணுமா, குடுவைக்கு நல்லா இருக்கணுமா?"

அண்ணி அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவரும் கேட்டதில்லை போலிருக்கிறது. முந்நூறு பெட்டியையும் பிரித்து இரண்டு நாளில் மறுபடி கட்ட வேண்டும் என்றதும் கொதித்தார். எங்கள் கண்ணெதிரே அந்தப் பெட்டியை மேசையிலிருந்து போட்டுக் காட்டிய பிறகும், "உடைஞ்சா யார் பொறுப்பு?" என்றார். "நான்" என்று சொல்லி அண்ணி ஒரு தாளில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 

புதனும் வியாழனும் நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒன்பது பேரும் பிரித்தோம், கட்டினோம். அண்ணி ஒவ்வொரு பெட்டியின் காகிதத்தையும் உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். எனக்கு மட்டும் இரண்டு மடங்கு வசவு. "இது படுக்கை இல்ல, குழி. எடு, மறுபடி போடு." எடுத்தேன், மறுபடி போட்டேன். ஒரே ஒரு பழைய பெட்டியை, தன் நாலாம் எண் பெட்டியை, அண்ணி பிரிக்காமல் ஓரமாக வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை சோதனைக்காரர் வந்தார். தடித்த மூக்குக்கண்ணாடி, வார்த்தைக்குப் பஞ்சம். கிடங்கில் நடந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் பெட்டியைத் தொட்டுக் காட்டினார். முதல் பெட்டியைத் தூக்கி, என்ன செய்தார் தெரியுமா? காதில் வைத்துக் குலுக்கினார். சர் என்றது. நெற்றியைச் சுருக்கினார். மேனேஜர் அண்ணியை முறைத்தார். அண்ணி நேராகப் பார்த்தபடி நின்றார்.

ஒன்று, தொப். பிரித்தார், முழுசு. இரண்டு, மூன்று, நாலு, முழுசு. ஏழாவது பெட்டியில் என் ஐந்தாம் எண் சீட்டு இருந்தது. பிரிக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. அதுவும் முழுசு. பத்தும் போட்டார், பத்தும் முழுசு. எங்களுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவர் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் பேனாவைத் தட்டிக்கொண்டே நின்றார்.

"போன தடவை எங்களுக்கு வந்த சரக்குல நிறையச் சில்லு" என்றார். "இந்தச் சரக்குக்கு மட்டும் கண்ணாடியைத் தடிமனாப் போட்டிருக்கலாம். பேக்கிங்காலதான் தப்பிச்சுதுன்னு நான் எப்படி நம்புறது?"

 அண்ணி ஓரத்துக்குப் போய் அந்தப் பழைய பெட்டியைத் தூக்கி வந்தார்.

"சார், இது அதே கண்ணாடி. அதே வாரம் வார்த்தது. கட்டுனது மட்டும் பழைய மாதிரி. குலுக்கிப் பாருங்க."

அவர் குலுக்கினார். கப்சிப். முகம் மலர்ந்தது. மேனேஜர் அண்ணியின் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "என்னம்மா பண்ற? உடைஞ்சுடப் போகுது."

"உடையணும் சார்" என்றார் அண்ணி.

பெட்டியை மேசை மேல் வைத்துத் தானே தள்ளினார். அது ஒரு சாண் குதித்தது. எங்கள் ஒன்பது பேர் வேலையும் அந்தப் பெட்டியோடு மேலே போய்க் கீழே வந்தது. உள்ளே கலகலவென்று கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டுச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

சோதனைக்காரர் பிரித்தார். சில்லுகளுக்கு நடுவிலிருந்து சீட்டை எடுத்தார். "நாலாம் நம்பர் யாரு?"

"நான்தான்" என்றார் அண்ணி. குரலில் கூச்சமே இல்லை.

"ஒரே கண்ணாடி, ஒரே உயரம். இது மட்டும் ஏன் உடைஞ்சுது?"

அண்ணி கைப்பையைத் திறந்து, மடித்த தாளை எடுத்து நீட்டினார். சோதனைக்காரர் படித்தார், பின்பக்கம் திருப்பினார். "விடை இதுல இல்லையே."

"அடுத்த பக்கம் எந்தப் பெட்டியில போச்சோ தெரியல சார். நானே போட்டேன். முப்பது, முந்நூறு. நம்ம பெட்டிக்கு நானூறு, நாலாயிரம். நிறுத்துறதுக்கு நேரம் கொடுத்தா உடையாது, அவ்வளவுதான். சரியான்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் பேனாவை எடுத்து அந்தத் தாளின் ஓரத்திலேயே கணக்கைப் போட்டார். முப்பது, முந்நூறு என்று எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு சரிக் குறி போட்டார். அதற்குப் பிறகுதான் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். வருஷம் முழுவதும் சரக்கு எங்களிடமிருந்தே, இதே மாதிரி கட்டியிருக்க வேண்டும் என்று கீழே ஒரு வரியும் எழுதினார். மேனேஜர் சுவரில் ஒட்டியிருந்த சீட்டுகளைத் தன் கையாலேயே கிழிக்க ஆரம்பித்தார். நாலாம் எண் வரிசையைக் கிழிக்கத்தான் நேரம் பிடித்தது. நாங்கள் எட்டுப் பேரும் அண்ணியைச் சூழ்ந்துகொண்டோம். நான்தான் முதலில் கட்டிப்பிடித்தேன், இறுக்கமாகத்தான்.

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே என் அண்ணன் நின்றிருந்தார். பகல் முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது. டப்பாவைத் திறக்க முடியாததும் ஒரு காரணம்.

"என்ன ஆச்சு?" என்றார்.

அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கைப்பையிலிருந்து சரிக் குறி போட்ட தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பிசிக்ஸ்ல பாஸ்" என்றார்.